மூன்றில் ஒன்றை மட்டும் சொன்னேன், ஜெசி

என் நெட்டச்சி ஜெசிக்கு,

நீ போய் ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆகிவிட்டன. முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு உன் வீட்டில் அட்டை அச்சடித்திருந்தார்கள். உன் படத்துக்குக் கீழே ‘பேராசிரியை’ என்று போட்டிருந்தது. பதிமூன்று வருஷம் ஒரே கல்லூரியில் உதவிப் பேராசிரியையாகவே இருந்தவள் நீ. பார்த்திருந்தால் அந்த அட்டையைத் துறைத்தலைவர் மேசையில் கொண்டுபோய் வைத்திருப்பாய். உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனிடம் திருத்தம் சொல்லலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அது உனக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு நீ போன பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் ஆறும். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்ச தூரம் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

கூடுவாஞ்சேரியில் நம் கல்லூரியில் நான் புள்ளியியல் துறையில் சேர்ந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். செங்கல்பட்டு வண்டியில் நின்றுகொண்டே வந்து, புடவையெல்லாம் கசங்கி, ஆசிரியர் அறையில் எந்த நாற்காலி யாருடையது என்று தெரியாமல் நின்றேன். ஜன்னலோரம் உயரமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தே என் தோள் உயரம். “இது எத்தினியாவது காலேஜு உனக்கு?” என்று கேட்டாள்.

“நாலாவது.”

“நாலாவதா? உக்காருடி. உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன்.”

அப்படித்தான் நான் உன் ஆய்வுக்குள் வந்தேன். கல்லூரி ஆசிரியர்கள் ஏன் ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குப் போகிறார்கள், அவர்கள் போன பிறகு விட்டுப்போன துறை என்ன ஆகிறது என்பதுதான் உன் முனைவர் பட்டத் தலைப்பு. வேலை பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக அதை இழுத்துக்கொண்டிருந்தாய். உன் கேள்வித்தாளுக்கு முதலில் பதில் எழுதியவள் நான். பிறகு உன் கணக்குகளைப் போட்டுத் தருகிறவளும் ஆனேன்.

எல்லோரும் முதலில் சம்பளம் என்றுதான் எழுதுவார்கள். நீ விடமாட்டாய். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேன்டீனுக்கு அழைத்துப்போவாய். டீ தீரும்போது ஒரு ஆளைப் பற்றிப் பேச்சு வரும். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா, முகம் கொடுத்துப் பேசாத துறைத்தலைவர், பக்கத்து மேசையில் இருந்து வேலையை விட்டுப்போன சிநேகிதி, இப்படி யாராவது. “பாத்தியா? எவ்ளோ கேட்டாலும் கடைசியா நிக்கிற காரணம் ஒரு ஆளுதாண்டி” என்பாய்.

கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியை வெட்டச் சொல்லி உன் நெறியாளர் இரண்டு முறை சொன்னார். ‘நீங்கள் விட்டுவந்த பிறகு, உங்களிடம் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்தீர்களா?’ ஆய்வுக்கு இது வேண்டாம், குற்றம்சாட்டுவது போல இருக்கிறது என்றார். நீ வெட்டவில்லை. நானும் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தேன். நீ அப்படியே தாளை வாங்கி வைத்துக்கொண்டாய்.

உன் உயரத்தைப் பற்றி நான் செய்த கேலிக்கு அளவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியை நீ முழங்கை மடக்கிப் பிடிப்பாய். விரல்கள் அத்தனை நீளம். அதெல்லாம் ஒரு நோயின் அடையாளம் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. உன் அப்பா கோவளத்தில் கரைக்கு வந்த படகை இழுக்கும்போதே விழுந்து போனார். மாரடைப்பு என்றார்கள். உன் அண்ணன் மணலில் வாலிபால் ஆடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே ஒரு டாக்டர் ஏதோ சந்தேகப்பட்டு, அடுத்த மாதம் வாங்க, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். அந்த அடுத்த மாதம் வரவில்லை.

அண்ணன் போன பிறகுதான் குடும்பத்தில் எல்லோரும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று யாரோ புண்ணியவான் சொன்னார். உனக்குத்தான் இருந்தது. சின்னப் பெண்ணாக இருந்த உன் மகள் பிரின்ஸிக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. இதயத்திலிருந்து கிளம்பி, மேலே வளைந்து, உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி உனக்குப் பலவீனம். வளைவு வரைக்கும் உப்பியிருந்தது. ஒரு அளவைத் தாண்டினால் கிழிந்துவிடும், அதற்குள் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள்.

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாலு வருஷம் உன்னைப் பார்த்து வந்தவர் அங்கே பேராசிரியராக இருந்த அறுவை மருத்துவர். அவருக்குத் ‘தையல்காரர்’ என்று பெயர் வைத்தாய். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்லிவிட்டாய், ஒருமுறை. அவருக்குப் பிடித்துப்போயிற்று. “பிளவுஸ் தைக்கிறவங்களுக்குத் துணி அசையாது. எனக்கு அசையும், அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

அந்தத் தையல்காரர் வேலையை விட்டு வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார் என்று தெரிந்த அன்று உனக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா? நான் கேட்கவில்லை. நீ செய்தது இதுதான்: கேள்வித்தாளை எடுத்துப் பையில் வைத்தாய், என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவர் அறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், நான் இப்போ பேஷண்டா வரல. ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன். ஏன் போறீங்க?”

அவர் சிரித்தார். “ஆராய்ச்சின்னா சொல்லித்தான் ஆகணும். என் மனைவியும் டீச்சர்தான், அந்த ஊர்ல. ஒன்பது வருஷமா நான் அவளுக்கு ஞாயித்துக்கிழமை புருஷன். போன மாசம் வீட்டுக்குப் போனப்ப, டீயில எத்தனை சர்க்கரைன்னு என்னைக் கேட்டா. எனக்கு மனசு தாங்கல.”

நீ எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாய். பிறகு, “நீங்க போயிட்டா இந்த ஆபரேஷன் இங்க நடக்குமா?” என்றாய்.

“நிலோஃபர் செய்வாங்க. என்கிட்ட ஆறு வருஷம் நின்னவங்க, கை நல்ல கை. ஆனா ஒண்ணு சொல்றேன். இது ஒருத்தர் கையில இல்ல. உடம்பைக் குளிர வெச்சு, ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மூளைக்கு மட்டும் தனியா ரத்தம் அனுப்பிக்கிட்டுத் தைக்கணும். மயக்கம் கொடுக்கிறவர், இதயத்துக்குப் பதிலா ஓடுற மெஷினைப் பாத்துக்கிறவர், நான் கேக்கறதுக்கு முன்னாடியே கையை நீட்டுற நர்ஸ், இவங்கல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பழகியிருக்கணும். நான் போனா, எனக்காக இங்கயே இருந்தவங்க ரெண்டு பேராவது கிளம்பிடுவாங்க. அதை என்னால தடுக்க முடியாது.”

கடைசியாக அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாய். விட்டுவந்த பிறகு விசாரித்தீர்களா என்று. இதற்கு முன்னால் அவர் இரண்டு கல்லூரிகளை விட்டு வந்தவர். கையில் இருந்த புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் மேசையில் வைத்தார். “முதல் காலேஜை விசாரிச்சேன். இப்ப அங்க இந்த ஆபரேஷனே கிடையாதாம். ரெண்டாவதை விசாரிக்கல, தைரியம் வரல” என்றார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளைவு இன்னும் விரிந்திருந்தது. அறுவைக்கு நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர் நிலோஃபர். நீ அந்த ஸ்கேனைத் தையல்காரருக்கும் அனுப்பினாய். அதற்கு முன்பே இரண்டு முறை நீ அறுவையைத் தள்ளிப்போட்டவள். ஒருமுறை பிரின்ஸியின் பரீட்சைக்காக. இன்னொரு முறை, ஆய்வுக்கு இன்னும் இருபது பேரைப் பார்க்க வேண்டும் என்று. நான் கத்தினேன். நீ உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாய்.

அவர் பதில் வந்த அன்று உனக்குத் தேர்வுக்கூடக் கண்காணிப்பு. போனை ஆசிரியர் அறையில் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். மத்தியானம் அது அடித்தது. தையல்காரர். எடுத்தேன்.

“நீங்க வசந்திதானே? நல்லதாப் போச்சு. மூணு விஷயம். அப்படியே அவங்ககிட்டச் சொல்லுங்க. ஒண்ணு, ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கிறது உண்மை, இப்பவே பண்ணிக்கிட்டாலும் தப்பில்ல. ரெண்டு, என் கணிப்புல ரெண்டு மாசம் பொறுக்கலாம். அங்க மெஷின் பாக்குறவரும் மயக்க மருந்து டாக்டரும் புதுசு. கொஞ்சம் பழகிக்கட்டும். ஆனா அதுக்குள்ள கிழியவே கிழியாதுன்னு என்னால கேரண்டி தர முடியாது. மூணு, இங்க என்கிட்ட வரலாம், நானே பண்றேன். முடிவு அவங்களுது.”

“சரி டாக்டர்” என்றேன்.

ஜெசி, நீ திரும்பி வரும்வரை அந்த முக்கால் மணி நேரம் நான் என்ன யோசித்தேன் என்று எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். பொறுக்கலாம் என்ற சொல் உன் காதில் விழுந்தால் நீ அதைத்தான் பிடித்துக்கொள்வாய் என்று தெரியும். உன் அண்ணனுக்குச் சொன்ன ‘அடுத்த மாதம்’ என் காதிலேயே நின்றது. வகுப்பில் நீ கரும்பலகைக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி ஒரு காட்சி எனக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தது. கணக்குப் படித்தவள் நான். இரண்டு பக்கத்து ஆபத்தையும் எடைபோட்டுச் சொல்லியிருக்க வேண்டியவள். எடைபோடவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

விடைத்தாள் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நீ உள்ளே வந்தாய்.

“டாக்டர் பேசினார் ஜெசி. பண்ணிக்கலாம்னுட்டார்.”

“வேற இன்னா சொன்னாரு?”

“அவ்ளோதான்.”

நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். “சரி” என்று சொல்லிவிட்டு விடைத்தாள்களை எண்ணத் தொடங்கினாய்.

அறுவை நாள் காலையில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது உன் கால் ஸ்ட்ரெச்சரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உன் அம்மா அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டே கதவு வரைக்கும் நடந்தார்கள். அந்தோணி அண்ணன் படகு இன்ஜின் கருப்பு விரலில் ஒட்டியிருக்க, அந்தக் கையாலேயே ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் அதே நாற்காலி என்று அப்போது தெரியாது.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் நிலோஃபர் வெளியே வந்தார். தொப்பி பதிந்த கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. “முடிஞ்சுது. குழாய் நல்லா உட்கார்ந்திருக்கு. ரத்த ஓட்டத்தை நிறுத்தின நேரம் நாங்க நினைச்சதைவிடக் கொஞ்சம் கூடிடுச்சு. கண் முழிக்கட்டும், பார்க்கலாம்” என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ எனக்கு மட்டும் காதில் குத்தியது.

நீ கண் விழித்தாய். மூன்றாம் நாள் என் விரலை அழுத்தினாய். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாமல், எழுதுவது போல் காற்றில் விரலை ஆட்டினாய். தாளையும் பேனாவையும் கொடுத்தேன். கோணல்மாணலாக ‘அம்மா சாப்பிட்டாங்களா’ என்று எழுதினாய். உன் கையால் எழுதியதில் கடைசி அதுதான். தாள் அம்மாவிடம் இருக்கிறது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. யார் வந்தாலும் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

ஆறாம் நாள் நுரையீரலில் கிருமித் தொற்று வந்தது. பிறகு சிறுநீரகம். பன்னிரண்டாம் நாள் முற்பகலில் நிலோஃபர் எங்கள் மூன்று பேரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

“கடலு என் புருசன எடுத்துக்கினுச்சு. புள்ளய எடுத்துக்கினுச்சு. இவ காலேஜுக்குப் போனவ. தண்ணியில காலே வெக்காதவ. இவள இன்னாத்துக்குடி எடுத்துச்சு?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ரத்தக் குழாய் என்று எத்தனை முறை சொன்னாலும் இன்றுவரை அவர்களுக்கு அது கடல்தான்.

கோவளம் கோவிலில் உன் அடக்கம் முடிந்து செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். அதன் பிறகு ஏழு மாதம் நான் கோவளம் பக்கம் போகவில்லை. பிரின்ஸி போன் செய்வாள். “சித்தி, எப்ப வருவீங்க?” என்பாள். பரீட்சை என்பேன், காய்ச்சல் என்பேன். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நீ இருந்திருப்பாயோ, தையல்காரரின் ஊருக்குப் போயிருந்தால் இருந்திருப்பாயோ என்று வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

எட்டாவது மாதம் தையல்காரர் போன் செய்தார். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் மருத்துவர்கள் மாநாட்டுக்கு வந்திருக்கிறார். உன் ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டுமாம். போனேன். மத்தியான இடைவேளையில் அவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வெளியே வந்தார். கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் எங்களைத் தாண்டி வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். “டாக்டர், நீங்க சொன்ன மூணையும் நான் அவகிட்டச் சொல்லல. முதல் ஒண்ணைத்தான் சொன்னேன்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்” என்றார்.

“எப்படி?”

“அன்னிக்குச் சாயங்காலமே ஜெசி எனக்குப் போன் பண்ணிட்டாங்க. ‘வசந்திகிட்ட நீங்க வேற ஏதோ சொல்லியிருக்கீங்க, அவ மூஞ்சில தெரிஞ்சுது, என்கிட்டச் சொல்லுங்க’ன்னாங்க. மூணையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம்.”

டீயை யார் என் கையில் வைத்தார்கள் என்றே தெரியவில்லை. “அப்ப ஏன் உங்ககிட்ட வரல?” என்றேன்.

“அப்படியே அவங்க வார்த்தையிலயே சொல்றேன். ‘அங்க வந்தா ஐசியூ வாசல்ல எங்கம்மா தனியா உக்காந்திருப்பாங்க டாக்டர். பாஷையும் தெரியாது, பேச்சுத் துணைக்கும் ஆள் கெடயாது. இங்கன்னா வசந்தி இருப்பா. ரெண்டு மாசம் தள்ளிப்போட்டா எனக்குத் தைரியம் போயிடும், மறுபடியும் தள்ளுவேன். இப்பவே பண்ணிக்கிறேன்’னாங்க. போனை வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னாங்க. ‘அவ பயந்துட்டா. அவள நீங்க ஒண்ணும் கேக்காதீங்க.’”

புதுக் குழு என்பதால்தான் நீ போனாயா என்று அவரிடம் கேட்டேன். “ஆமான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. இல்லன்னு சொல்லவும் இல்ல. நானே பண்ணியிருந்தாலும் தொற்று வந்திருக்கலாம். நிலோஃபர் பண்ண ஆபரேஷன் ரெக்கார்டை முழுசா வாங்கிப் பார்த்தேன். நானும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்” என்றார். பிறகு குரலை இறக்கி, “ஆனா நான் இருந்திருக்கணும்னு எனக்குத் தோணாத நாள் இல்லம்மா” என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

இதைக் கேட்டபின் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாயா? வரவில்லை ஜெசி. முதலில் நான் சொல்லாமல் மறைத்ததால் போனாய் என்று அழுதேன். இப்போது நான் இங்கே இருக்கிறேன் என்பதற்காகவே இங்கே இருந்துவிட்டாய் என்று அழுகிறேன். எல்லோரிடமும் டீ வாங்கிக் கொடுத்துத் தோண்டித் தோண்டி ஒரு ஆளின் பெயரைக் கண்டுபிடிப்பவள் நீ. உன் பதிலில் என் பெயர் இருந்திருக்கிறது.

தெரிந்தும் நீ ஏன் என்னைக் கேட்கவில்லை? அதற்குப் பிறகு ஒன்பது நாள் நாம் ஒன்றாகத்தானே சாப்பிட்டோம். என் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தின்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தாயே, அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அது வேண்டாம் என்று விட்டுவிட்டாயா?

அன்றே மாமல்லபுரத்திலிருந்து கோவளத்துக்கு பஸ் ஏறினேன். அந்தோணி அண்ணன் கொட்டகையில் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவே இல்லை.

“அவ எங்கிட்டச் சொன்னா” என்றார். “நீ சொல்லியிருந்தாலும் அவ இங்கதான் பண்ணிக்கினு இருப்பா. அத்த வுடு. ஆனா ஏழு மாசம் வூட்டுப் பக்கம் வராம இருந்த பாரு, அதுக்குத்தான் உம்மேல எனக்குக் கோவம். ஆயிரம் பேரு வந்து போனாங்க. பிரின்ஸி ஒன்னியத்தான் கேட்டுக்கினு இருந்துச்சு.”

அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது. உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “யாரு, வசந்தியா? சாப்ட்டியா நீ?” என்று கேட்டார்கள். மீன் குழம்பு ஊற்றினார்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இன்னொருமுறை படி என்றார்கள்.

மற்ற சேதிகள் சொல்கிறேன். உன் ஆய்வேட்டை நீ சமர்ப்பிக்கவில்லை என்பதால் பட்டம் கொடுக்க வழியில்லை என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். உன் நெறியாளர் மூன்று முறை போய்ப் பேசிப் பார்த்தார், நம்பமாட்டாய். பிறகு நானும் அவரும் சேர்ந்து மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைப் பற்றிய உன் அத்தியாயத்தை மட்டும் ஒரு கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பினோம். முதல் பெயர் உன்னுடையது. உன் பெயரின் தலையில் ஒரு சின்னச் சிலுவைக்குறி போட்டு, அடிக்குறிப்பில் ‘காலமானார்’ என்று எழுதச் சொன்னார்கள். அந்தக் குறியைப் போட எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. கட்டுரை வெளிவந்துவிட்டது. கடைசிக் கேள்வியை நெறியாளரே வெட்ட வேண்டாம் என்றார்.

டாக்டர் நிலோஃபர் உன் அறுவைக்குப் பிறகு சில வாரம் பெரிய அறுவைகள் எதையும் எடுக்கவில்லையாம். பிறகு மறுபடியும் தொடங்கினார். அந்த மெஷின் பார்ப்பவரும் இன்னும் அங்கேயே இருக்கிறார். வேறிடத்திலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று நீதான் கேட்டிருப்பாய். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். பிரின்ஸிக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கும் இருக்கிறது. ஆரம்ப நிலைதான், இப்போதைக்கு மாத்திரை போதும், வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றார் நிலோஃபர். பள்ளி அணியில் அவள்தான் உயரம். வாலிபால் கூடாது என்றதும் அதற்காகத்தான் முதலில் அழுதாள். மற்றதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “சித்தி, அம்மாவுக்கு இருந்ததேதானா எனக்கும்?” என்று கேட்டாள். பதிமூன்று வயது. அந்தோணி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆமாம்டா” என்றேன்.

“அம்மா ஆபரேஷன் பண்ணிக்காம இருந்திருந்தா இப்ப இருந்திருப்பாங்களா?”

“தெரியாது. இருந்திருக்கலாம். அதுக்கு முன்னாடியே மாமா மாதிரி போயிருக்கவும் கூடும். டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.” முழுசாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் உன் விரல்கள்தான்.

எனக்கு வேறொரு ஊரில் அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஐந்தாவது கல்லூரி. போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. நீ இருந்தால் கேன்டீனுக்கு இழுத்துப்போய்க் காரணத்தைப் பிடுங்கியிருப்பாய். போனாலும் சரி, இருந்தாலும் சரி, பிரின்ஸியின் ஃபைலுக்கு ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. நிலோஃபர் நாளைக்கு எந்த ஊருக்கு மாறிப்போனாலும் அவரைத் தேடிப் பிடிப்பேன். அவர் இல்லாவிட்டால் அவரிடம் கற்றவர் யார் என்று கேட்டுப் பிடிப்பேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுக்கிறேன் ஜெசி. வருஷா வருஷம் ஸ்கேன் நாளில் உன் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். டாக்டர் சொல்வது எதுவானாலும், எனக்கு எத்தனை பயமாக இருந்தாலும், அப்படியே அவள் காதில் போடுவேன். என்ன செய்வது என்று அவள் சொல்லட்டும்.

உன் பிரின்ஸியின் சித்தி,
வசந்தி